ஆறு வோல்ட் வானொலி

பழம்பொருள்களைப் பழுது பார்ப்பவர்கள் ஓயாமல் உச்சரிக்கும் சொல் ‘அசல்’. அசல் வண்ணம், அசல் திருகாணி, அசல் கண்ணாடி என்று அவர்கள் பேசுவதைக் கேட்டு நாங்கள் புன்னகைத்ததுண்டு. அச்சொல்லின் பொருள் எங்களுக்குச் சற்றேனும் விளங்க ஒரு பழைய பிக்கப் வண்டியின் வானொலியும், எங்கள் கையால் எரிந்துபோன ஒரு டிரான்ஸ்பார்மரும் தேவைப்பட்டன.

நாங்கள் கணவனும் மனைவியுமாக அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். ஊர் சிறியது. சோளமும் சோயாவும் ஆண்டு மாற்றி ஆண்டு விளையும் சமவெளி. எங்கள் வீட்டு வேலிக்கு அப்பால் தொடங்கும் பண்ணையின் உரிமையாளரான பெரியவருக்கு, 2016 இலையுதிர்காலத்தில் எண்பத்திரண்டு வயது. எங்களில் ஒருவர் மின்னணுவியல் படித்தவர் என்பதை எப்படியோ அறிந்துகொண்டு, ஒருநாள் மாலை எங்களைத் தம் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். தார்ப்பாயை விலக்கினார். 1954ஆம் ஆண்டின் ஷெவர்லே 3100 பிக்கப் நின்றிருந்தது. 1947இல் வெளிவந்த அந்த வரிசை வண்டிகளுக்கு முன்கண்ணாடி ஒரே துண்டாக அமைந்தது 1954இல்தான் என்பதை, பேரக்குழந்தையின் முதல் பல்லைக் காட்டும் பெருமையோடு சொன்னார். எஞ்சினைப் பேத்தியின் உதவியோடு ஓட வைத்துவிட்டார். பேசாமல் இருந்தது வானொலி ஒன்றுதான்.

அந்நாளில் பண்ணை வண்டிக்கு வானொலி ஆடம்பரம். ஹீட்டரைப் போலவே அதற்கும் தனியே பணம் கட்டவேண்டும். எதிலும் சிக்கனம் பார்க்கும் அவருடைய தந்தை, வானிலையும் தானிய விலையும் கேட்கவேண்டும் என்று காரணம் சொல்லி அதை வாங்கினாராம். சனிக்கிழமை இரவுகளில் 650 கிலோசைக்கிளில் நாஷ்வில் நகரிலிருந்து வரும் ‘கிராண்ட் ஓலே ஓப்ரி’ இசைநிகழ்ச்சிதான் உண்மையான காரணம் என்பது மகனின் கட்சி.

நாங்கள் முதலில் எளிய வழியைத்தான் சொன்னோம். பலரும் செய்வது அது. வெளிக்கூட்டையும் டயலையும் குமிழ்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளிருப்பதை எடுத்தெறிந்துவிட்டு இக்காலச் சிறு பலகை ஒன்றைப் பொருத்திவிடலாம். கைப்பேசியிலிருந்தே பாட்டுக் கேட்கலாம். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

பெரியவர் தலையசைத்து மறுத்தார். பிறகு, பின்னகர்ந்து வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டு காரணத்தைச் சொன்னார். ஷெவர்லே வண்டிகளின் வானொலிகள் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ரேடியோ பிரிவில் தயாரானவை. அதன் ஆலை 1936 முதல் இதே இண்டியானாவின் கோகோமோ நகரில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து அரைமணிப் பயணம். அவருடைய மனைவி, திருமணத்துக்கு முன் 1953 முதல் நான்கு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர். பெட்டிக்குள் கம்பிகளையும் உறுப்புகளையும் கையாலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்த காலம் அது. “இந்தப் பெட்டி அவள் கையைத் தாண்டி வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். கேட்டால் சிரிப்பாளே தவிரச் சொல்லமாட்டாள்” என்றார். அந்த அம்மையார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குமேல் எளிய வழியைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

எங்கள் இருவருக்குமே வால்வு ரேடியோ அந்நியமானதன்று. எங்களில் ஒருவருடைய நாகப்பட்டினத்து வீட்டில், சுவர் அலமாரியில் அப்படி ஒன்று வீற்றிருந்தது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமம் புதுப்பிக்க வேண்டிய காலம். கூடத்தின் குறுக்கே செப்பு வலைப்பட்டையாலான ஏரியல். குமிழைத் திருகினால் உடனே பாடாது. வால்வுகள் சூடேறி, டயல் மஞ்சளாக ஒளிர்ந்து, எங்கோ ஆழத்திலிருந்து எழுவதுபோல் இலங்கை வானொலி எழும். அப்துல் ஹமீதின் குரலுக்காக அக்காத்திருப்பை வீடே பொறுத்துக்கொண்டது. தந்தை மறைந்தபின், வீட்டை ஒழித்த அவசரத்தில் அப்பெட்டியை இரும்புக்கடைக்காரருக்கு எடைக்குப் போட்டோம். பித்தளைக் குத்துவிளக்கைப் பங்கு பிரித்துப் பத்திரப்படுத்திய எங்களுக்கு, அதை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வீட்டு வானொலிக்கும் வண்டி வானொலிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வால்வுகள் இயங்க இருநூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும். அந்த வண்டியின் பேட்டரியோ வெறும் ஆறு வோல்ட், அதுவும் நேர்மின்னோட்டம். நேர்மின்னோட்டத்தை டிரான்ஸ்பார்மர் உயர்த்தித் தராது. ஆகவே வைப்ரேட்டர் என்னும் சிறு உருளையை இடையில் வைத்தார்கள். அதனுள் ஒரு மெல்லிய எஃகு நாக்கு, வினாடிக்கு நூறு முறைக்கும் மேல் துடித்து, மின்னோட்டத்தை விட்டு விட்டு வெட்டும். வெட்டுண்ட மின்னோட்டத்தை டிரான்ஸ்பார்மர் உயர்த்தும். பழைய வண்டி வானொலிகளை இயக்கினால் பாட்டுக்கு முன்னால் வண்டின் ரீங்காரம் போல் ஓர் ஒலி வருமே, அது இந்த நாக்கின் துடிப்புத்தான். 1955இல் கிரைஸ்லர் நிறுவனம் முழுவதும் டிரான்சிஸ்டராலான கார் வானொலியை அறிவித்தபின், சில ஆண்டுகளில் இந்த ரீங்காரம் வண்டிகளிலிருந்து விடைபெற்றது.

பெட்டியின் டயலில் 640, 1240 என்னும் இரண்டு எண்களின் அருகே சிறு முக்கோணக் குறிகள் இருந்தன. பனிப்போர்க் காலத்து அச்சத்தின் தழும்பு அது. 1951இல் வகுத்த ‘கானல்ராட்’ திட்டப்படி, தாக்குதல் நேர்ந்தால் நாட்டின் வழக்கமான ஒலிபரப்புகள் நின்றுவிடும். இவ்விரண்டு அலைவரிசைகளில் மட்டும் அறிவிப்புகள் ஒலிக்கும். எதிரி விமானம் ஒரு நிலையத்தின் அலையைப் பற்றிக்கொண்டு ஒரு நகரத்தை வந்தடைந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. 1953 முதல், திட்டம் கைவிடப்பட்ட 1963 வரை, அங்கு விற்ற வானொலிகளில் அக்குறி கட்டாயம். தானிய விலை கேட்கவென்று வாங்கிய பெட்டியில் உலகப் போரின் நிழலும் சேர்ந்தே வந்திருக்கிறது.

குளிர்காலம் முழுவதும் வேலை நடந்தது. மெழுகுத்தாள் கண்டென்சர்கள் எல்லாம் கசிந்துபோயிருந்தன. ஒவ்வொன்றையும் எடுக்க, அறுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ வைத்த ஈயப் பற்றை உருக்கவேண்டியிருந்தது. ஈயம் பளபளத்து உருகும் அக்கணத்தில் எங்கள் கை ஒவ்வொரு முறையும் தயங்கியது. அந்த அம்மையாருடைய கைவேலையாக இருக்கக்கூடிய ஒன்றை அவருக்காகவே அழித்துக்கொண்டிருக்கிறோமோ என்ற குறுகுறுப்பு. எடுத்த உறுப்புகளை ஒரு காப்பித்தூள் டப்பாவில் போட்டுவைத்தோம். கிழிந்திருந்த ஸ்பீக்கர் தாளை மெல்லிய காகிதமும் பசையும் கொண்டு ஒட்டினோம். வைப்ரேட்டரின் உருளையைத் திறந்து, கறுத்திருந்த முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். வால்வுகள் பெரும்பாலும் உயிரோடிருந்தன.

எஞ்சியது ஒரே ஒரு கண்டென்சர். டிரான்ஸ்பார்மரின் உயர் அழுத்தப் பக்கத்தில் குறுக்காக நிற்கும் ‘பஃபர்’. வைப்ரேட்டரின் ஒவ்வொரு வெட்டிலும் எழும் அழுத்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது அதன் பணி. அதை மாற்றாமல் இத்தகைய பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கக்கூடாது என்பது இத்துறையின் அரிச்சுவடி. எங்களுக்கும் தெரியும். அஞ்சலில் வரவேண்டிய உறுப்பு தாமதமாயிற்று. மறுநாள் பெரியவரின் பிறந்தநாள். ஒரு நிமிடம்தானே, ஒலி வருகிறதா என்று பார்த்துவிடலாம் என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம். போதாக்குறைக்கு, கையில் கிடைத்த பியூசைப் போட்டோம். குறிப்பிட்ட அளவைவிடப் பெரியது.

ரீங்காரம் கேட்டது. டயல் ஒளிர்ந்தது. அரை நிமிடத்தில் ஒரு மனிதக் குரலின் நுனிகூட எட்டிப் பார்த்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த வேளையில் ரீங்காரத்தின் சுதி இறங்கியது. தார் கருகும் நாற்றம் எழுந்தது. இணைப்பைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய பஃபர் உடைந்து, டிரான்ஸ்பார்மரின் சுருள்கள் எரிந்துபோயிருந்தன. உரிய பியூஸ் இருந்திருந்தால் அது தன்னைக் கொடுத்து டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியிருக்கலாம்.

அன்றிரவு நாங்கள் பேசிக்கொண்டதை இங்கே மறைப்பதற்கில்லை. பழைய உதிரிச் சந்தையில் அதே வகை டிரான்ஸ்பார்மர் கிடைக்கும். மாற்றிவிட்டால் பெரியவருக்குத் தெரியவே தெரியாது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவரும் உடனே மறுக்கவில்லை. உறக்கம் வராத நேரத்தில் எங்களுக்கு நினைவு வந்தது எடைக்குப் போட்ட பெட்டிதான். அதைப் பற்றிக் கேட்பதற்கு யாரும் இல்லாததால் நாங்கள் யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை. காலையில் எரிந்த டிரான்ஸ்பார்மரை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்தோம்.

பெரியவர் முழுவதையும் கேட்டார். டிரான்ஸ்பார்மரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். “இந்த வாசனை எனக்குத் தெரியும்” என்றார். “மாலையில் அவளைக் கோகோமோவிலிருந்து அழைத்துவரப் போவேன். அவள் தலைமுடியில் இது இருக்கும்.”

நாங்கள் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் நின்றோம்.

“அவள் பெட்டி கட்டும் வரிசையில் இருந்தவள் இல்லை. உங்களிடம் சொல்லவில்லையா? வரிசையின் கடைசியில், சோதனையில் ஊமையாகிப்போன பெட்டிகள் அவள் மேசைக்கு வரும். கெட்டதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வைத்துப் பேச வைப்பாள். அதுதான் அவள் வேலை. போய் வேறொன்று வாங்கி வாருங்கள்.” சற்று நிறுத்தி, “பியூசைச் சரியாகப் போடுங்கள்” என்றார்.

உதிரிச் சந்தையில், டயல் உடைந்த இன்னொரு டெல்கோ பெட்டி இருபத்தைந்து டாலருக்குக் கிடைத்தது. அதன் டிரான்ஸ்பார்மர் இதற்குப் பொருந்தியது. இம்முறை அஞ்சலுக்குக் காத்திருந்தோம்.

2017 ஏப்ரலில் ஓர் இரவு, மூவரும் அந்த முன்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வண்டியை வயலின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினோம். வீட்டருகே கேட்பது வீண். மின்விளக்குகளும் சார்ஜர்களும் கொட்டும் இரைச்சல் மத்திய அலையை மூழ்கடித்துவிடும். எஞ்சினையும் நிறுத்தினோம். பகல் வெயிலில் உருவாகும் தாழ்ந்த அயனியடுக்கு மத்திய அலைகளை விழுங்கிவிடும். இருட்டியபின் அது மறைய, அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து விழும். முள் 700ஐத் தொட்டபோது சின்சினாட்டி நிலையம் அறைந்தாற்போல் வந்தது. 1934 முதல் 1939 வரை ஐந்நூறு கிலோவாட்டில் முழங்கிய நிலையம் அது. பெரியவர் முள்ளை இடப்பக்கம் மெல்ல நகர்த்தினார். 650இல் இரைச்சலுக்கு அடியில் ஒரு கிதார் தோன்றி, அமிழ்ந்து, மீண்டும் தோன்றியது. சனிக்கிழமை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாளை அவர் பார்த்தே குறித்திருக்கிறார். பேட்டரி தளரும்வரை கேட்டோம். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

பெரியவர் 2019இல் காலமானார். வண்டி இப்போது பேத்தியிடம் இருக்கிறது. 2023இல் சில மின்வாகன நிறுவனங்கள் தம் வண்டிகளிலிருந்து ஏ.எம். வானொலியை நீக்கியதும், அதைக் கட்டாயமாக்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்ததும் செய்தியானபோது, அந்தப் பெண் எங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சிரித்தாள். தன் வண்டியில் ஏ.எம். தவிர வேறொன்றும் இல்லை என்றாள். காப்பித்தூள் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எரிந்த டிரான்ஸ்பார்மரை மட்டும் நாங்கள் கேட்டு வைத்துக்கொண்டோம். எங்கள் கூடத்து அலமாரியில் குத்துவிளக்கின் அருகே இருக்கிறது. மழை நாள்களில் அதில் இன்னும் தார் மணக்கும்.