எட்டு விநாடிகள்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1990இல் திறக்கப்பட்ட மோட்டார்ப் பந்தயத் திடல் இருக்கிறது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர். பந்தயக்காரரல்லாதோரும் தமது காரை ஓட்டிப் பார்க்கும் நாளொன்றில், மருமகனின் காரில் நானும் இறங்கினேன். அறுபத்தாறு வயதில் இது தேவையா என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதற் சுற்றுக்கு 2 நிமிடம் 44 விநாடி பிடித்தது. ரோசத்தோடு வளைவுகளுக்குள் இன்னும் வேகமாகப் பாய்ந்தேன். 2 நிமிடம் 47 ஆயிற்று!

பயிற்றுவித்த இளைஞர் சிரிக்கவில்லை. "பிரேக்கை நேர்ப்பாதையிலேயே அழுத்தி முடியுங்கள், சார். ரயருக்கு இருப்பது ஒரே பிடிப்பு. நிறுத்தவும் திருப்பவும் ஒன்றாகக் கேட்டால் அது எதைக் கொடுக்கும்? வளைவை விட்டு வெளியேறும்போது இருக்கும் வேகம்தான் அடுத்த நேர்ப்பாதை முழுவதும் உங்களோடு வரும்" என்றார்.

இன்னொரு குறையையும் கண்டுபிடித்தார். என் கண் காரின் மூக்கிலேயே நின்றதாம். போர்க்காலத்தில் குழி பார்த்துக் குழி பார்த்து ஏ-9 வீதியில் ஓட்டியவனுக்கு வேறெங்கே நிற்கும்? வளைவின் முடிவைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புவது, நம்ப மாட்டீர்கள், பிரேக்கை விடக் கடினமாயிருந்தது.

ஆறாவது சுற்று 2 நிமிடம் 36. மெதுவாக ஓட்டியதாகவே உணர்ந்தேன்.

அடுத்த சுற்றில் பிரேக் மிதி பஞ்சாய் உள்ளே இறங்கியது. சூட்டில் திரவம் கொதித்துவிட்டதாம். கியரைக் குறைத்துக் குறைத்து, ஊர்ந்து வந்து நிறுத்தினேன். இதை மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.