குடுவை பார்க்கத் தெரிந்த ஆபரேட்டர்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வளாகங்கள் பலவற்றில், பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்பே ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அதனால் கழிவுநீரை வளாகமே சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் எஸ்டிபி என்று சொல்லும் அந்த நிலையத்துக்கு நான் போனது ஆபரேட்டரின் கைவேலையைப் பார்க்க. காற்று ஊதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் நீரை மொண்டு வைத்துவிட்டு 30 நிமிடம் காத்திருக்கிறார். சாக்லேட் நிறக் கசடு ஒன்றாகத் திரண்டு கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் தொட்டி நலம். பஞ்சாய் உப்பி இறங்க மறுத்தால் இழை வகை பாக்டீரியா பெருகிவிட்டது. இறங்கிய கசடு சற்று நேரத்தில் கட்டிகட்டியாக மேலே மிதந்தால், அடியில் ஆக்சிஜன் தீர்ந்து நைட்ரஜன் குமிழிகள் அதைத் தூக்குகின்றன. தொட்டியில் வெண்நுரை பொங்கினால் கசடு இன்னும் இளசு என்பார். அழுகல் நாற்றம் வந்தால் முதலில் காற்று ஊதும் இயந்திரமான புளோயரைப் போய்ப் பார்ப்பார்.

சிறிய நிலையத்தில் நீரைச் சுத்தமாக்குவது இந்தக் கண்ணும் மூக்கும்தான் என்பது என் கருத்து. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டது இந்தச் சுத்திகரிப்பு முறையின் அடிப்படை. வெறும் காற்றை ஊதினால் சாக்கடை நீர் தெளிய வாரக்கணக்கில் ஆனது. படிந்த கசடைக் கொட்டாமல் வைத்து அதன் மேலேயே புது நீரை விட, அதே வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. ஆக, இந்தத் தொழில் உயிருள்ள கசடை வளர்ப்பது. மிஞ்சியதை அளவாக வெளியேற்றுவது. பெருநகர நிலையத்தில் லட்சக்கணக்கான வீடுகளின் நீர் கலந்து ஏற்றத்தாழ்வு அடங்கிவிடும். 200 வீட்டு வளாகத்தில் அப்படி இல்லை. காலையில் வெள்ளம், மதியம் வறட்சி. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனால் பாக்டீரியா பட்டினி. சில வீடுகளில் ஒரே நாளில் ஆசிட் ஊற்றிக் கழுவினாலே தொட்டி ஆட்டம் காணும். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா மெதுவாக வளர்பவை. செத்தால் மீள வாரங்கள் பிடிக்கும்.

மெம்ப்ரேன் போட்டுவிட்டால் ஆள் எதற்கு என்று குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துளைகள் பாக்டீரியாவைத் தடுக்கும். நீர் பளிச்சென்று வரும். ஆனால் கரைந்திருக்கும் அமோனியா அந்தத் துளைகளில் தாராளமாகப் போய்விடும். அதைக் கழிக்கத் தொட்டியில் உள்ள உயிர்களே வேண்டும். கசடு கெட்டால் மெம்ப்ரேனும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தொட்டி நீரை அளக்கும் சென்சாரும் அப்படித்தான்: முனையில் பாசி படிந்தால் தவறாகக் காட்டும், துடைக்க ஒருவர் வேண்டும். ஆரோவில்லில் இருப்பவை போன்ற, செடி வளர்த்த சரளைப் படுகைகள் மின்சாரமும் கவனிப்பும் குறைவாகக் கேட்பவை; இடம் இருக்கும் ஊருக்கு அவற்றையே நான் சிபாரிசு செய்வேன். அடுக்குமாடிக்கு ஏது இடம்? அந்தப் படுகைகளிலும் நீர் முதலில் வந்து சேரும் முன்தொட்டியின் கசடை அவ்வப்போது எடுத்தே ஆகவேண்டும்.

பயிற்சி பெற்ற ஆளை வைத்தால் செலவு தாங்காது என்பது அடுத்த வாதம். மின்கட்டணத்தில் பெரும்பங்கு புளோயருக்கே போகிறது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நின்றால் போதும் என்று அறிந்தவர், தேவையில்லாமல் ஊதும் காற்றைக் குறைப்பார். ஆனால் செக்யூரிட்டிக்குத் தரும் சம்பளத்தில், பம்பு சுவிட்சைப் போட ஓர் ஆள் என்று நினைத்து எடுப்பவர்களுக்கு இந்த அறிவு கிடைக்காது. அதைவிடக் கவலையானது வேறு. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. விவரமறியாதவர் தொட்டிக்குள் இறங்கினால் உயிர் போகும். பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஒரு வளாகத்தால் முடியாவிட்டால், பக்கத்து வளாகங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பயிற்சி பெற்ற ஆபரேட்டரையும் அவருக்கு ஓர் உதவியாளரையும் வைத்துக்கொள்ளலாம். குடுவைக்கு ஆகும் நேரம் ஒவ்வோரிடத்திலும் அரை மணிதான்.