போக ஆறரை, வர ஒன்றரை

சென்னை–கோலாலம்பூர் டிக்கெட்டை முதல்முறை பார்ப்பவர்கள் கொஞ்சம் குழம்பத்தான் செய்வார்கள். இங்கே நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கிளம்பும் விமானம் அங்கே காலை ஆறரைக்குச் சேரும். அங்கே இரவு ஒன்பதுக்கு ஏறினால் சென்னையில் பத்தரைக்கே இறங்கிவிடலாம். இரண்டுமே ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம்தான். நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீட்டர். மீதியெல்லாம் கடிகாரம் காட்டும் வித்தை. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. 1981 வரை அது இரண்டு மணிதான். 1982 புத்தாண்டு முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி, சபா, சரவாக்குடன் ஒரே நேரத்துக்கு வந்தது.

வங்கக் கடலைத் தூங்கியே கடந்துவிடலாம். தூரம் தெரிவது இறங்கிய பிறகுதான். 1998இல் செப்பாங்கில் திறந்த விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு 57 கிலோமீட்டர். விரைவு ரயில் அதை அரைமணியில் ஓடிவிடுகிறது. கட்டணம்தான் கையைக் கடிக்கும். வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். இந்தப் பளபளப்பான நிலையம் நிற்பதே பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில்தான். அந்த ரயில்வேயில் வேலை பார்த்த தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் குடியிருந்த பகுதி இது. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு. வயிறு நிறைந்தால் பயணம் முடிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும்.

முடியவில்லை. பெரியம்மா வீடு கிள்ளானில். கொமுட்டர் ரயிலில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் மேல். செப்பாங்கிலிருந்து வந்ததைவிடக் குறைவான தூரம்தான். ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நகரும். வாசலில், "பசியாறிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் அறுபதுகளில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறி வந்தவர். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. கடலில் கிட்டத்தட்ட ஒரு வாரம். மேல்தளத்தில் பாய் விரித்தவர்களுக்கு வெயிலும் வாந்தியும்தான் துணை. போர்ட் ஸ்வெட்டன்ஹம்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம்.

"கப்பலு எங்க ஊருலயே வந்து நிக்கும் ஐயா. இப்ப உங்கள கூட்டிட்டு வரணும்னா காடி எடுத்துக்கிட்டு அவ்ளோ தூரம் போகணும்" என்றார். கிள்ளான்காரர்களுக்கு அது நியாயமான புகார். 1965இல் வந்த சுபாங் விமான நிலையம்கூடக் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில்தான் இருந்தது. வாகனம் வேகமாக ஆக ஆக, இறங்கும் இடம் அவர்கள் வீட்டிலிருந்து விலகிக்கொண்டே போயிருக்கிறது.

திரும்பும் விமானம் இரவு ஒன்பதுக்கு. சாயங்கால நெரிசலுக்குப் பயந்து நான்கு மணிக்கே என்னைக் காடியில் ஏற்றிவிட்டார்கள். அன்று பார்த்துச் சாலை காலியாகக் கிடந்தது. செப்பாங்கில் காத்திருந்த நேரத்தில் சென்னைக்குப் பாதி வழி போயிருக்கலாம்.