பாம்பு வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்!

அமெரிக்காவின் பல ஊர்களில் சனி, ஞாயிறுகளில் ஊர்வனக் கண்காட்சி நடக்கும். பெரிய கூடம். வரிசையாக மேஜைகள். அவற்றின் மேல் மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாம்புக்குட்டி சுருண்டு கிடக்கும். நம் ஊரில் பிள்ளைகள் நாய்க்குட்டிக்கு அடம்பிடிப்பதுபோல், அங்கே பாம்புக்கு அடம்பிடிக்கிறார்கள்.

வாங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். வளர்ப்பது அப்படியல்ல. ஆரஞ்சு நிற ‘கார்ன் ஸ்நேக்’ 15 முதல் 20 வருடம் வாழும். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ‘பால் பைத்தான்’ 30 வருடம்கூட இருக்கும். செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 2020-ல் முட்டையிட்ட ஒரு பால் பைத்தானுக்கு வயது 62-க்குக் குறையாது என்றார்கள்! பத்து வயதில் கேட்ட பிள்ளை காலேஜுக்குப் போய்விடும். ஃப்ரீசரிலிருந்து எலியை எடுத்து உருகவைக்கும் வேலை அம்மா தலையில் விழும்.

புதியவர்களுக்கு இந்த இரண்டையும்தான் பெரும்பாலும் சிபாரிசு செய்கிறார்கள். விஷமில்லை, சாதுவானவை, வளர்ந்தாலும் மூன்று முதல் ஐந்து அடிதான். குட்டியில் அழகாக இருக்கிறதே என்று பர்மிய மலைப்பாம்பை வாங்கியவர்கள், அது பத்து அடியைத் தாண்டியதும் காட்டில் விட்டார்கள். அப்படி வெளியேறியவை பெருகி, இன்று ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் மற்ற உயிர்களைத் தின்று தீர்க்கின்றன.

சரி, நல்ல பாம்பை எப்படிக் கண்டுபிடிப்பது? நாய்க்கு வலித்தால் முனகும். பாம்பு நோயைச் சுலபத்தில் வெளிக்காட்டாது. நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்கள் தெளிவாக இருக்க வேண்டும். தோல் உரிக்கப்போகும் நாட்களில் இரண்டு கண்களும் நீலம் பூத்து மங்கும், அது நோயல்ல. ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால் யோசியுங்கள். மூக்கில் நீர்க்குமிழி, மூச்சில் இரைச்சல், வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது எல்லாம் சளித்தொற்றின் அடையாளங்கள். வாய்க்குள் தயிர்க்கட்டிபோல் சீழ் இருக்கக் கூடாது. கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் மிளகுத்தூள்போல் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தால், அவை உண்ணிகள். வால் நுனியில் பழைய தோல் ஒட்டியிருக்கக் கூடாது. முதுகெலும்பு துருத்தக் கூடாது. கையில் எடுத்தால் துவளாமல் பிடிமானத்தோடு ஊர்ந்து, நாக்கை நீட்டி மோப்பம் பிடிக்க வேண்டும்.

‘ஸ்பைடர்’ எனப்படும் பால் பைத்தான் வகையின் கோலம் பார்க்க அழகு. ஆனால், அந்தக் கோலத்தைத் தரும் மரபணுவோடு தலை ஆடும் நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. “பண்ணையில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா?” காட்டுப் பாம்பு ஒட்டுண்ணிகளோடு வரலாம். “கடைசியாக எப்போது, எதைத் தின்றது?” நல்ல வளர்ப்பாளர் குறிப்பு எழுதி வைத்திருப்பார். பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக் கூடியது. அது இரை எடுப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் மனசு தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூலை டப்பாவில் எலும்பும் தோலுமாக ஒன்று கிடக்கும். ‘ஐயோ பாவம், நாம் எடுத்துப் பிழைக்க வைப்போமே’ என்று பிள்ளை கண் கலங்கும். ஆனால், முதல்முறை வளர்ப்பவர் கையில் அது பிழைப்பது அரிது. பிள்ளை சாவைத்தான் பார்க்கும். கடைக்காரரோ அந்தக் காசில் அதே டப்பாவில் இன்னொன்றை வைப்பார். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லப் பெரியவர்களுக்குத் தைரியம் வேண்டும்.

வாங்கும் முன்பே கூண்டு தயாராக இருக்கட்டும்: ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, ஒளிய இடம், பூட்டு. முதல் வாரம் தொட வேண்டாம். பாம்பிடமிருந்து சால்மோனெல்லா கிருமி தொற்றும் என்பதால், பிறகும் ஒவ்வொரு முறை தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இந்த ஆசையைத் தள்ளிப்போடலாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு போன்ற நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் செய்யுங்கள்; வந்து பிடித்துப்போய்க் காட்டில் விடுவார்கள்.