நிறைஞ்ச குடம்

எங்களோட புனேல தங்கியிருக்கிற மாமா பையனுக்கு வயசு 26. ஜிம்முல யாரோ சொன்னாங்களாம், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கணும்னு நிக்கிறான். "உடம்புல ஊறுறது தானே அத்தான், என்ன கெடுதல்?"ங்கிறான். மாமா மாரடைப்புல போனப்ப அவருக்கு வயசு 48.

ஊறுறது தாங்க. ரத்தக் குழாயைத் தளர்த்தி விடுறதும் அந்த ஹார்மோன் தான். ஆனா அளவு மீறினா சிவப்பணு பெருகி ரத்தம் கெட்டியாகும், நல்ல கொழுப்பு குறையும், பிரஷரும் ஏறலாம்.

2023-ல அமெரிக்காவுல வெளியான டிராவர்ஸ் ஆய்வைக் காட்டித்தான் வாதாடுறான். அதுல இருந்தவங்க 45 முதல் 80 வயசு வரைக்கும் 5,200-க்கு மேல ஆண்கள். எல்லாருக்கும் ஹார்மோன் குறைவு, இதயக் கோளாறோ அதுக்கான ஆபத்தோ வேற. டாக்டர் கண்காணிப்புல ஜெல் தடவினவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடலை. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல்ல ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடுதல்.

அது குறையை நிரப்பின கதை. நிறைஞ்ச குடத்துல ஊத்தினா? உடம்பு தன் பங்குக்குச் சுரக்கிறதையே குறைச்சிடும், விந்தணுவும் குறையும்.

உங்க வீட்லயும் ஜிம் போற தம்பிங்க இருந்தா, ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு நல்ல டாக்டர். அவ்வளவு தாங்க கேக்கறேன்.