மாமனாரின் கடைசல் இயந்திரம்

சொத்து என்றால் எங்கள் ஆட்களுக்கு வளவு, வயல், நகை. நொட்டிங்ஹாமில் எனக்கு வந்து சேர்ந்தது வார்ப்பிரும்பு. மனைவி இந்த ஊர்க்காரி. அவளுடைய தகப்பனார் கொட்டிலில் விட்டுப்போன மரக்கடைசல் இயந்திரம் அது, மைஃபோர்ட் எம்எல்8. பக்கத்திலுள்ள பீஸ்டனில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 2011இல் மூடிவிட்டார்கள். "விற்காதே, ஓட்டு" என்றார் மாமி. நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் பழகிவிட்டது.

அது பூட்டியிருந்த விதத்திலேயே மனிதர் எதைக் கடைந்தார் என்று தெரிந்தது. இதன் சுழல்தண்டுக்கு இரண்டு முனை. வலப்பக்கம் நீளக் கட்டையைத் தண்டுக்கும் எதிரேயுள்ள கூர்முனைக்கும் நடுவே பிடித்து நாற்காலிக் கால் கடையலாம். ஆனால் எட்டு அங்குலத்துக்கு மேல் அகலமான எதுவும் அங்கே சுற்றாது. பெரிய கிண்ணமென்றால் இடது முனையில் முகத்தட்டைப் பூட்டி, இயந்திரத்தின் அந்தத் தலைப்பில் போய் நின்று கடைய வேண்டும். அங்கே இருப்பது இடப்புரி. வலப்புரி என்றால் உளி பட்ட மாத்திரத்தில் தட்டுக் கழன்று வந்துவிடும். மாமனார் அந்த முனையைச் சுவரோடு ஒட்ட வைத்திருந்தார். புரியில் மசகு காய்ந்து கிடந்தது, ஒரு கீறலும் இல்லை. மாமியிடம் கேட்டேன். "கிண்ணமா? படிக்கட்டுக் கம்பங்களும் கதிரைக் கால்களும்தான்" என்றார்.

எனக்கோ கிண்ணத்தில்தான் ஆசை. ஆகவே இயந்திரத்தைக் கழற்றிச் சுவரை விட்டு இழுத்தேன். படுக்கை என்பது இதில் ஓர் உருண்டை உருக்குக் குழாய். மண்ணெண்ணெயும் உருக்குப் பஞ்சும் போட்டுத் தேய்க்கத் துரு போய்விட்டது. மேசை உயரம்தான் சிக்கல். தண்டின் மையம் கடைபவரின் முழங்கை மட்டத்தில் நிற்க வேண்டும். மாமனார் ஆறடிக்கு மேல், நான் அப்படியில்லை. மேசைக் கால்களை அறுத்தேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. கொட்டில் நூதனசாலை இல்லையே! வாளின் மற்றப் பக்கத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமிதான்.

சுவிச்சை மாற்றுவதில் எனக்கு இரண்டாம் யோசனையே இருக்கவில்லை. பழையதில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டர் தானாகவே ஓடத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு கரண்ட் சொல்லாமல் போவதும் வருவதும் தெரியும். இப்போதுள்ளது, மீண்டும் அமத்தினால்தான் ஓடும்.

வேகம் நாலு வகை, பட்டியைக் கப்பியில் மாற்றிப் போட வேண்டும். ஆகக் குறைந்ததே நிமிடத்துக்கு 700 சுற்று அளவில். கரடுமுரடான அகலக் கட்டைக்கு அது அதிகம். முதலில் வாளால் வட்டமாக அறுத்துக்கொள்வேன், ஓடவிடும்போது கட்டைக்கு நேரே நிற்கமாட்டேன், முகமூடிக் கண்ணாடியும் போடுவேன். மாமனாருடைய உளிகளில் அகன்ற வளைவாய் உளியைக் கிண்ணத்துக்குத் தொடுவதேயில்லை. அதன் வால் மெல்லியது. கிண்ணத்தின் குறுக்கு நாரில் மாட்டினால் முறியும். கிண்ணத்துக்கென்று தடித்த உளியொன்று வாங்கினேன். அதன் சாய்வின் பின்பகுதி முதலில் மரத்தில் உரச வேண்டும், வெட்டக்கூடாது. பிறகு பிடியை மெதுவாக உயர்த்த உயர்த்த, தூளாகப் பறந்தது நாடாவாகச் சுருண்டு கைமேல் விழும்.

அடுத்த வீட்டில் புயலில் சாய்ந்த ஆப்பிள் மரம் கிடைத்தது. பச்சை மரத்தை ஒரேயடியாக மெலிதாகக் கடைந்து முடித்தால் கோணும், பலவேளை வெடிக்கும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு விட்டு முரடாகக் கடைந்து, மெழுகு பூசி, மாதக்கணக்கில் தட்டில் போட்டுவிடுவேன். காய்ந்து முட்டை வடிவில் கோணியதைத் திரும்ப ஏற்றி வட்டமாக்குவது இரண்டாம் வேலை.

மாமி இப்போது உப்புக் கிண்ணம் கேட்கிறார். சாப்பாட்டுச் சாமானுக்கு இந்த ஊரில் சிக்கமோர்தான் வழக்கம், மணமோ சுவையோ இறங்காது. ஒரு துண்டுக்கு மரம் வெட்டுகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.