ரிச்சி தெருவில் நான்கு கோப்ரோக்கள்

மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்ததும் ஃபேன் காற்று முகத்தில் அடித்தது. ஆக்‌ஷன் கேமராக்களை வாடகைக்கு விடும் சின்னக் கடை. மேசையில் ஹீரோ5, ஹீரோ7 பிளாக், ஹீரோ10, ஹீரோ12 என்று நான்கு கோப்ரோக்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று இங்கே இப்படித்தான் பார்க்கிறார்கள்.

"ஃபேனை மட்டும் நிறுத்திடாதீங்க சார்" என்றார் கடையில் இருந்த தம்பி. பைக்கில் போகும்போது கேமராவின் சூட்டை எதிர்காற்றே தணித்துவிடும். மூடிய அறையில் உச்ச ரெசல்யூஷனில் விட்டால், எந்தக் கம்பெனி கேமராவாக இருந்தாலும் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே சூட்டில் அணைந்துபோகலாம். அந்த நேரத்தைப் பேட்டரி தாங்கிய நேரமாக எழுதிவைத்தால் கணக்கே தப்பு.

டப்பாவிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்துக் கையில் வைத்தார். 2016-இல் வந்த ஹீரோ5-க்கு உரியது 1220 எம்.ஏ.எச். 2019-இன் ஹீரோ8 வரை அதே அளவுதான். மற்றது 1720, 2020-இல் ஹீரோ9-உடன் வந்தது. கையில் வைத்தாலே கனம் தெரிகிறது. ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். அப்படியானால் படமெடுக்கும் நேரமும் அந்த அளவுக்குக் கூடியிருக்க வேண்டுமே?

கூடவில்லை. காரணம் வேலைப்பளு. ஹீரோ5-இன் உச்சம் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம். ஹீரோ7 அதே 1220-ஐ வைத்துக்கொண்டு 60 ஃபிரேம் எடுக்கிறது. நொடிக்குக் கையாளும் பிக்ஸல் இரண்டு மடங்கு. ஹீரோ10-இல் 5.3கே, 60 ஃபிரேம். ஹீரோ5-ஐப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. போதாததற்கு முன்பக்கம் இன்னொரு திரை, ஆட்டத்தைச் சமன்செய்யும் ஹைப்பர்ஸ்மூத். பேட்டரியில் ஏற்றியதையெல்லாம் பிராசஸர் தின்றுவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹீரோ12தான். 2023-இல் வந்த அதில் இருப்பதும் 1720-தான். ஆனால் மின்சாரத்தைச் செலவழிக்கும் விதத்தைச் சீர்செய்து, ஜிபிஎஸ்ஸையும் எடுத்துவிட்டார்கள். 5.3கே 60 ஃபிரேமில் 70 நிமிடம், 1080பி 30 ஃபிரேமில் 155 நிமிடம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. ஒரே பேட்டரி, செட்டிங்கை மாற்றினால் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் "இந்த மாடல் எத்தனை மணி நேரம் வரும்?" என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை, எந்த செட்டிங்கில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

மேசை ஓரத்தில் தனியாக ஒரு தகர டப்பா. அதற்குள் பூரி போல உப்பிய ஒரு பழைய பேட்டரி. இப்படி ஆனதைக் கேமராவுக்குள் திணிக்கவே கூடாது, சார்ஜும் போடக்கூடாது. உப்பாவிட்டாலும், பல வருஷம் ஓடிய பேட்டரியில் கொள்ளளவு குறைந்துதான் இருக்கும். பழைய ஹீரோ5-ஐ அதன் பழைய பேட்டரியோடு புது மாடலுக்குப் பக்கத்தில் வைத்தால் நாம் அளப்பது பேட்டரியின் வயதைத்தான். அதனால்தான் நான்கிலும் புது பேட்டரி போட்டிருந்தார் தம்பி.

2024-இன் ஹீரோ13-இல் 1900 எம்.ஏ.எச். ஆனால் அந்த பேட்டரி பழைய மாடல்களில் பொருந்தாது, பழையது அதிலும் பொருந்தாது. ஹீரோ9 முதல் 12 வரைக்குமான பேட்டரிகளை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், கேமராவை மாற்றும் முன் அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.